சோதனை நேரத்தை மாற்றித் தரக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
சோதனைக்கு உள்ளாகியிருக்கும் அலுவலக ஊழியர் ஒருவர்.

பெறுநர்:
உயர்திரு கிளாடோஸ் அம்மையார் அவர்கள்,
நிர்வாகக் கணினி,
அப்பெர்ச்சர் சயின்ஸ் ஆய்வு மையம்.

பொருள்: சோதனை அறைகளைப் பகுதிநேரமாக முடிக்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: வால்வ் நிறுவனம் 2007 அக்டோபரில் வெளியிட்ட ‘போர்ட்டல்’ விளையாட்டு.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். மேற்படி விளையாட்டை நாலு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். அந்த நாலு மணியை ஒரே துண்டாக வைத்திருப்பவர் யார் என்பதுதான் கேள்வி. டிஜிபென் கல்லூரி மாணவர்கள் செய்த ‘நார்பகுலர் டிராப்’பிலிருந்து வளர்ந்த விளையாட்டு இது, மாணவர்களுக்கு நேரம் இருந்திருக்கும். எனக்கு வாய்த்தது, குழந்தை தூங்கியதற்கும் நான் சாய்வதற்கும் இடைப்பட்ட பொழுது மட்டுமே.

தங்கள் அறைகளில் கைவேலை குறைவு. துப்பாக்கியால் சுட்டால் சுவரிலோ தரையிலோ நீல வாசல் ஒன்று, ஆரஞ்சு வாசல் ஒன்று. ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளிவரலாம். உயரத்திலிருந்து தரை வாசலில் குதித்தால், விழுந்த வேகம் குறையாமல் சுவர் வாசல் வழியே பறக்கலாம். சுடுவதற்கு அரை நிமிடம் போதும். எங்கே சுடுவது என்று கண்டுபிடிக்கத்தான் ராத்திரி போதவில்லை. மிச்ச யோசனை மறுநாள் என்னோடு அலுவலகம் வந்துவிடுகிறது. மேலாளர் காலாண்டு இலக்கை விளக்கும்போது, அவர் முதுகுக்குப் பின்னாலுள்ள வெள்ளைச் சுவரில் வாசல் பிடிக்கும், இரும்பு அலமாரியில் பிடிக்காது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னிப்பாகக் கவனிப்பதாகப் பாராட்டினார்.

நிர்வாகத்தில் தங்களைக் குறை சொல்ல முடியாது. 19-இல் எத்தனையாவது அறை என்று நுழைவிலேயே எண் போட்டிருக்கிறீர்கள். உள்ளே என்னென்ன ஆபத்து என்று படமும் உண்டு. ஒன்பதாம் அறையைத் தீர்க்கவே முடியாது, முயல வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவித்தீர்கள். எங்கள் இடத்தில் முடியாத வேலைக்குத்தான் ‘ரொம்ப சிம்பிள்’ என்று மின்னஞ்சல் வரும். சோதனை முடிவில் கேக் கிடைக்கும் என்று நீங்கள் சொல்வதை நாங்கள் ஊதிய உயர்வு என்போம். உங்களை நம்பி வந்தவருக்குக் கடைசி அறையில் நெருப்புக்குழியாவது காத்திருக்கிறது. எங்களுக்கு அவ்வளவு தெளிவான பதில் கிடைப்பதில்லை.

ஆகவே,

1. அறைகளுக்கு இடையிலான லிஃப்டில் நான் தூங்கிப்போனால், அதைத் தோல்வியாகக் கொள்ளாமல் ஈட்டிய விடுப்பாகப் பதிவுசெய்யவும்.

2. அலுவலகத்தில் அமர்ந்து யோசித்ததையும் சோதனை நேரமாகக் கணக்கிட்டுச் சான்றிதழ் தரவும். என் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

3. 16-ஆம் அறையின் துப்பாக்கிக் கருவிகள் மென்குரலில் பேசிவிட்டுச் சுடுகின்றன. குழந்தை விழித்துவிடுவதால், பேச்சோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லவும்.

ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பகுதிநேரச் சோதனையாளர்.

நகல்: நீங்கள் எனக்குத் துணையாகத் தந்த தோழமைப் பெட்டி அவர்கள், 17-ஆம் அறை. (தங்கள் உத்தரவுப்படி அவரை நானே எரித்துவிட்டதால், கோப்பில் மட்டும் வைக்கவும்.)