சங்கிலி பிடிச்ச தாத்தா சொல்றேன், கேளு தாயி

வாத்தா, உக்காரு. ஜி.ஐ.எஸ்.ல மேல்படிப்பு படிக்கப் போறியாமே, உங்கப்பன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறான். டீக்கடையில என்ன படிப்புன்னு கேட்டிருக்காங்க, ‘பூமியைக் கம்ப்யூட்டர்ல ஏத்துற படிப்பு’ன்னானாம். ‘ஏத்தி, விக்கவா?’ன்னு கேட்டிருக்கான் ஒரு வெவரமான பய.

படி, நல்லாப் படி. கிண்டின்னு சொன்னியே, அந்தக் காலேஜே 1794ல வெள்ளைக்காரன் சர்வே சொல்லிக்குடுக்கத் தொடங்குன பள்ளிக்கூடந்தான். நிலத்தை அளந்தாத்தானே வரியைப் போட முடியும்? நானும் தலையாரியா இருந்தப்ப சர்வேயருக்குச் சங்கிலி பிடிச்சவன். 66 அடி, 100 லிங்க்கு. உச்சி வெயில்ல கருவேல முள்ளுக்குள்ள இழுத்துட்டுப் போகணும். உனக்கென்ன, ஏ.சி. ரூம்ல உக்காந்து மேலருந்து பாத்துக்குவ.

என்னத்தப் பாப்ப? லேண்ட்சாட் சாட்டிலைட் படத்துல ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர்னு நீதானே சொன்ன. கணக்குப் போட்டுப் பாத்தேன், 22 சென்ட் வருது. நம்ம கெணறு, மாட்டுக்கொட்டம், புளியமரம், உங்க அப்பத்தா வெத்தல போடுற திண்ணை, அம்புட்டும் அந்த ஒத்தக் கட்டத்துக்குள்ள. அதுக்கு ஒரே நெறம். அதைத் தோப்புன்னு எழுதுவியா, வீடுன்னு எழுதுவியா? சென்டினல் 10 மீட்டருங்கிற. அதுவும் ரெண்டரை சென்ட் ஆகுதே. இங்க அண்ணந்தம்பி வெட்டிக்கிறது ஒரு சாண் வரப்புக்கு, தாயி.

இன்னொண்ணு, மேப்புல மண்டலம் பிரிக்கிற அந்த 78 டிகிரி தீர்க்கரேகைக் கோடு. மேற்க 43ஆவது மண்டலம், கெழக்க 44. வாடிப்பட்டி ஒண்ணுல, மதுரை இன்னொண்ணுல. நடுவுல வேலியும் இல்ல, செக்போஸ்ட்டும் இல்ல. 43ல எடுத்த அளவை 44னு சொல்லிப் போட்டுப் பாரு, வாடிப்பட்டி வயலு வங்காள விரிகுடாவுல போயி விழும். அப்புறம் நெல்லு எங்க அறுக்க, வலைதான் வீசணும்.

மென்பொருள் வாங்கணும்னு உங்கப்பன் தலையில கடன ஏத்தாத. கியூஜிஐஎஸ் 2002லருந்து இருக்கு, காசு கெடையாது. லேண்ட்சாட் படமும் 2008லருந்து சும்மாதான் தர்றான். பைத்தான் கொஞ்சம் கத்துக்க. மாப்பிள்ளை பாக்குறதத் தவிர முக்காவாசி வேலைய அது பாத்துரும்.

கடைசி வருசம் ப்ராஜெக்ட்டுன்னு வரும். எல்லாரும் எடுக்கிற ‘நிலப் பயன்பாட்டு மாற்றம்’தான் நீயும் எடுப்ப, எனக்குத் தெரியாதா? படம் பளபளன்னு வந்திருக்கும். வாத்தியாரு மூக்குக்கண்ணாடிய எறக்கிவிட்டு, ‘கிரவுண்ட் ட்ரூத், நேர்ல பாத்த அத்தாட்சி, எங்கம்மா?’ம்பாரு. அன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறி எங்கிட்டதான் வருவ. கண்மாய் எந்த வருசம் நெறஞ்சுது, கருவேலம் எப்ப மூடுச்சு, எந்தப் புஞ்சை பிளாட்டா மாறுச்சு, எல்லாம் இந்த மண்டைக்குள்ளதான் கெடக்கு.

ஒரு கேள்விக்கு ஒரு டீ. வடையும் சேத்து வாங்கிக் குடுத்தா சர்வே நம்பரோட சொல்லுவேன். உங்கப்பன்கிட்ட மட்டும் மூச்சு விடாத, சர்க்கரை இருக்குன்னு தட்டப் புடுங்கிருவான்.