தூசியைக் கேளுங்கள்

கேள்வி: பொருளாதாரம் படித்த பிள்ளைகள் எழுதும் ஆய்வால் ஊருக்கு என்ன பயன்? (வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்)

பதில்: பாலாற்றுக்கு அக்கரையில் இருக்கும் தூசி கிராமத்தைக் கேளுங்கள், சொல்லும்! 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைச் சொந்த ஊருக்கே அனுப்பி நிலம், கூலி, கடன் எல்லாம் விசாரித்து எழுதி வரச் சொன்னார். அவர்கள் எழுதியது 1918-ல் புத்தகமானது, தூசியும் அதில் உண்டு. பிறகும் 1930-களில் பி.ஜே.தாமஸ், 1980-களில் எஸ்.குகன் என்று பொருளாதார அறிஞர்கள் பேரன் காலம் வரை அதே ஊருக்கு மறுபடி வந்து நலம் விசாரித்தார்கள். எத்தனை ஊருக்கு வாய்க்கும் இது?

உங்கள் வீட்டிலும் பொருளாதாரம் படிக்கிற பிள்ளை உண்டா? உங்கள் ஊர்ப் பட்டுச் சேலை நெய்யும் கோர்வைத் தறியில் நெசவாளர் பக்கத்தில் உட்கார்ந்து, நாள் முழுக்கக் கரைக்கு நாடா தள்ளுகிறாரே துணையாள், அவர் கூலியிலிருந்து கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள்.