இது லைன் பிரச்சனை தம்பி

சிஸ்டம் பார்க்கிற அண்ணன் எங்கள் போடி ஏலக்காய்க் கடைக்குள் நுழைந்ததும் முதலில் திட்டு வாங்குவது மோடம்தான். திரையில் ‘லாகின் ஃபெயில்டு’ என்று பெட்டி வரும். நாம் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் ஓகேயை அமுக்கி அதை ஒழித்துவிடுவார். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், “அது பூராம் இங்கிலீசு, படிச்சு என்ன செய்யப்போறீங்க? இது லைன் பிரச்சனை தம்பி.”

மோடத்தைப் பிடுங்கிவிட்டு முப்பது எண்ணுவார். அதுவரை கடையில் யாரும் பேசக்கூடாது; எடை போடுகிறவர்கூட மூடையைக் கீழே வைத்துவிட்டு நிற்பார். மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தால் தலையாட்டுவார், எரியாவிட்டாலும் தலையாட்டுவார். பிறகு பாஸ்வேர்டை அடிப்பார். லாகின் ஃபெயில்டு. அதே பாஸ்வேர்டைச் சத்தமாக அடிப்பார். அதே பதில். மூன்றாம் முறை மேஜையிலிருக்கும் டீ தளும்பும். முறைக்கு முறை பழியும் இடம் மாறும்: மோடத்திலிருந்து ஒயருக்கு, ஒயரிலிருந்து தோண்டிப்போட்ட ரோட்டுக்கு, ரோட்டிலிருந்து போடிமெட்டு ஏறிக் கேரளாவுக்கு. “டவர் அங்கிட்டு இழுக்குது. நம்ம சிக்னலை அவங்க வாங்கிக்கிறாங்க” என்பார், முல்லைப் பெரியாற்றைப் பற்றிப் பேசும் அதே குரலில்.

லைன் அறுந்திருந்தால் இந்தப் பெட்டியே வராதே! சர்வரைக் காணவில்லை என்று வேறு செய்தியல்லவா வரும்? ‘லாகின் ஃபெயில்டு’ என்பது தேனி ஹெட் ஆபீசில் இருக்கும் சர்வர் வாய்திறந்து சொன்ன பதில். வீட்டுக்காரர் கதவைத் திறந்து “நீ யாருப்பா?” என்று கேட்டால், இவர் திரும்பிப் போய் ரோட்டைச் செப்பனிடுகிறார்.

அவர் ஒழித்துக்கட்டும் பெட்டியில் 18456 என்று ஓர் எண் இருக்கும். கள்ளனுக்குத் துப்புக் கொடுக்கக்கூடாது என்று, எங்கள் பில் கணக்கை வைத்திருக்கும் எஸ்க்யூஎல் சர்வர் வெளியே அவ்வளவுதான் சொல்லும். உண்மைக் காரணத்தைத் தன் எரர் லாக்கில் ‘ஸ்டேட்’ எண்ணாக எழுதிவைத்திருக்கும். 5 என்றால் அப்படி ஒரு யூசரே கிடையாது. 8 என்றால் பாஸ்வேர்டு தப்பு. 58 என்றால், விண்டோஸ் கணக்கை மட்டும் ஏற்கும்படி சர்வரை வைத்துவிட்டு இவர் எஸ்க்யூஎல் கணக்கில் நுழையப் பார்க்கிறார். ஒரு வரி படித்தால் போதும். அந்த லாக் தேனியில் இருக்கிறது. வெள்ளனே அந்த சர்வர் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் அண்ணன் வண்டியேறி வந்திருக்கிறார்.

நல்ல மனுசர் என்பதையும் சொல்லவேண்டும். மழையோ இருட்டோ, கூப்பிட்டால் எக்ஸ்எல் மொபெட்டில் வந்து நிற்பார். “பெட்ரோலுக்கு மட்டும் குடுங்க” என்பார். அதையும் இரண்டு தடவை மறுத்துவிட்டுத்தான் வாங்குவார். இப்படிப்பட்டவரை எப்படித் திட்டுவது?

ஆனாலும் திட்டத்தான் வேண்டியிருக்கிறது. பூப்பாறை ஸ்டோர், போடி கடை, கம்பம் கடை மூன்றுக்கும் ‘எஸ்ஏ’ என்ற ஒரே யூசர். சர்வரையே அழித்துப்போடும் அதிகாரமுள்ள அந்தப் பெயரில் பில் போடும் பையன் உள்ளே போகிறான். கடைக்கு ஒரு யூசர், அவரவருக்கு வேண்டிய அனுமதி மட்டும் என்று வைத்தால் என்ன? கேட்டால், “எதுக்கு தம்பி குழப்பம்?” லாகின் ஆகாவிட்டால் பில் வராது; பில் வராவிட்டால் இ-வே பில் எடுக்க முடியாது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் அது வேண்டும். ஏலக்காய் விற்கிற விலைக்கு ஒரு மூடையே தாண்டிவிடும். வண்டி வாடகை ஏறிக்கொண்டிருக்க, டிரைவர் மூன்றாவது டீ குடிக்கிறார்.

கடைசியில் அண்ணன் தேனிக்குப் போன் போட்டு பாஸ்வேர்டையே மாற்றச் சொல்வார். போடி திறந்துகொள்ளும். “பாத்தீங்களா, லைன் வந்துருச்சு!” கம்பம் கடையில் பழைய பாஸ்வேர்டு அல்லவா இருக்கிறது, அங்கே அடுத்த முறை உள்ளே நுழையும்போது பூட்டிக்கொள்ளும். சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பத்துக்கு ஓடுவார். அங்கே மறுபடி மாற்றினால் போடி போகும். பூப்பாறையிலிருந்து அழைப்பு வந்தால் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறவேண்டும்.

நேற்றும் போடியில் திறக்கவில்லை. போனில் பிடித்தேன்.

“என்னண்ணே பாஸ்வேர்டு வச்சீங்க?”

“பழசுதான் தம்பி. கடைசியில ஒரு ஒண்ணு சேத்திருக்கேன்.”

“ஏற்கெனவே கடைசியில மூணு ஒண்ணு இருக்கேண்ணே, அது போகவா?”

“மூணா இருக்கு? அப்ப அது லைன் பிரச்சனை தம்பி.”