கார்புரேட்டரும் கண்ணியமும்: கொழும்புத்துறைக் கார்க்காரர் குழுக்களில் மரியாதையின் ஏற்ற இறக்கம்

கார்க்காரர் ஐந்து பேர் கூடினால் நட்பு, ஐம்பது பேர் கூடினால் சங்கம், ஐந்நூறு பேர் கூடினால் கொழுவல். யாழ்ப்பாணத்தில் இது எல்லோரும் அறிந்த உண்மை. எல்லோரும் அறிந்ததாலேயே இதை இதுவரை ஒருவரும் ஆராயவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களமாகக் கொழும்புத்துறையைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கடனீரேரிக் கரையில், பூநகரிப் பக்கம் படகு போன இறங்குதுறையோடு இங்கே வீதி முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் கார் போகாது. பேச்சு மட்டுமே போகும். கார்க்காரரின் பேச்சை ஆராய இதைவிட வாய்ப்பான இடம் இல்லை.

முதலில் முன்னோர் கருத்துகள். ஒரு மனிதனால் ஏறத்தாழ 150 பேரோடுதான் உறவு பேண முடியும் என்று 1990களில் சொன்னார் ராபின் டன்பார் என்ற பிரித்தானிய அறிஞர். இந்தக் கணக்கு எங்கள் பக்கம் பொருந்தாது. ஒரு கலியாணவீட்டுக்கு 150 பேருக்கு மட்டும் சொன்னால், மிச்சப் பேர் அந்த வீட்டுச் செத்தவீட்டுக்கும் வரமாட்டார்கள். இணையத்தில் விவாதம் நீள நீள யாராவது ஒருவர் ஹிட்லரை இழுப்பது நிச்சயமாகும் என்பது மைக் கொட்வின் 1990இல் வகுத்த விதி. கொழும்புத்துறையில் ஹிட்லருக்கு அந்தளவு மதிப்பில்லை. இங்கு எந்த விவாதமும் முடிவில் வந்து நிற்பது, “உது ஜப்பான் சாமானோ, சீனாச் சாமானோ?” என்ற கேள்வியில்தான்.

வட்ஸ்அப் குழுவின் கண்ணியத்தை அளக்கக் கருவி ஒன்று வேண்டுமே. இந்த ஆய்வு, ஒருவர் மற்றவரை விளிக்கும் சொல்லைக் கொண்டு அளக்கும் விளிப்புமானியைப் பயன்படுத்தியது. வகன்-ஆர் வைத்திருப்பவர் ஒருவர், ஹைபிரிட் பற்றரி பற்றி அக்குவா வைத்திருப்பவரோடு பேசத் தொடங்குகிறார் என்று கொள்வோம். ஆரம்பத்தில், “அண்ணை, நீங்கள் சொல்லுறது சரிதான், ஆனால்...” இது நூறு பாகை. சற்று நேரத்தில், “நீர் எந்தக் கராஜில காட்டினனீர்?” ஐம்பது பாகை. பிறகு அண்ணையை விட்டுவிட்டுக் குழுவைப் பார்த்து, “உவர் தன்ர வாகனத்துக்கு ஒயிலோ நல்லெண்ணெயோ ஊத்தினவர் எண்டு கேளுங்கோ.” இது உறைநிலை. ஆள் முன்னாலேயே இருக்க அவரைப் படர்க்கையில் வைத்துப் பேசுவதை விடக் கொடிய தண்டனை யாழ்ப்பாணத்தில் இல்லை. இதற்குக் கீழேயும் பாகைகள் உண்டு. அவற்றை அச்சில் போட இயலாது.

இனி இவ்வாய்வின் மையக் கருத்துக்கு வருவோம். குழுவின் மரியாதை ஆட்தொகையையோ அட்மினின் கண்டிப்பையோ பொறுத்ததன்று. நாளைக்கு எவரிடம் எந்த உதிரிப்பாகத்துக்குக் கைநீட்ட வேண்டிவரும் என்ற அச்சத்தையே பொறுத்தது. இதை உதிரிப்பாகக் கோட்பாடு எனலாம்.

இதற்கு வலுவான சான்று 1990களின் பொருளாதாரத் தடைக்காலம். பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தன. ஏ40 சொமர்செற், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் என்று பிரித்தானியரே கைவிட்ட கிழங்கள் இங்கே மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டது. குளிர்ந்த நிலையில் மட்டும் பற்றாது. ஆகவே சின்னப் போத்தலில் பொன்போல் வைத்திருந்த பெற்றோலைக் கார்புரேட்டர் வாயில் நாலு துளி விடுவார்கள். ஒருவர் உள்ளே குந்தியிருக்க, நாலு பேர் பின்னால் தள்ளுவார்கள். எஞ்சின் இருமி, கறுப்பாய்ப் புகைந்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும் என்பதால் ஒயிலுக்கும் அடிக்கடி ஆரையாவது கேட்க வேண்டும். தள்ளுகிற நாலு பேரில் ஒருவரை நேற்று “விசரன்” என்று சொல்லியிருந்தால் இன்று மூன்று பேர்தான் தள்ளுவார்கள். அக்காலத்தில் அட்மின் இல்லை, விதிமுறை இல்லை. “நீர்” என்ற சொல்லே கார் உலகில் அருகிப்போயிருந்தது. (அதே பத்தாண்டில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்குத் தகட்டுப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இலங்கையின் இரும்பு இங்கிலாந்து போனது, யாழ்ப்பாணம் வரவில்லை. இதில் நகைக்க எதுவுமில்லை.)

2022 இன்னொரு சான்று. கியூஆர் அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று பங்கீடு தொடங்கிய காலத்தில், எந்தப் பெற்றோல் செற்றுக்குப் பவுசர் வருகிறதென்று தெரிந்தவரே குழுவின் ராசா. விளிப்புமானி மாதக்கணக்கில் நூறிலேயே நின்றது. பெற்றோல் தாராளமாக வந்ததும் பாகை சரிந்தது. பொருளியலார் எரிபொருள் நெருக்கடியின் இந்தப் பயனைக் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டனர்.

வேறு தீர்வுகளும் முயலப்படாமலில்லை. இந்தியாவில் 2004இல் தொடங்கிய டீம்-பிஎச்பி என்ற கார்ப்பிரியர் கூட்டம் புதியவரைச் சலித்தே உள்ளே விடுகிறது. குறுஞ்செய்தி மொழியில் எழுதினால் பொறுக்காது. நல்ல வழிதான். ஆனால் எங்கள் குழுவில் ஒருவரைச் சேர்க்காமல் விட்டால், அவருடைய மாமா அட்மினின் வீட்டுக்கு வந்துவிடுவார். வட்ஸ்அப் 2022இல் குழு எல்லையை 1024 பேராக உயர்த்தியபின், வரக்கூடிய மாமாக்களின் தொகையும் உயர்ந்துவிட்டது.

கொழும்புத்துறைக்கென்று உள்ளூர் மரபு ஒன்றும் உண்டு. 1964இல் சமாதியடையும்வரை இங்கே கொட்டிலில் இருந்த யோகர் சுவாமி, காரில் வந்த கனவான்களையும் ஏசிக் கலைத்தவர். அவர் சொன்ன “சும்மா இரு” ஊரில் இன்றும் வழங்குகிறது. “அட்மின் மட்டும் எழுதலாம்” என்ற பொத்தான் அதற்கு மிகவும் பிந்திய, மிகவும் மலிவான வடிவம். அதை அழுத்தினால் அமைதி வரும். ஆனால் அரைமணி நேரத்துக்குள் அதே ஆட்களை வைத்து இரண்டாவது குழுவும் பிறந்துவிடும்.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மறுபடியும் தொடங்கியதால் நிலைமை கவலைக்கிடம். உத்தரவாதத்தோடு வரும் புதுக்காருக்கு ஏஜன்ற் போதும், அயலவன் தேவையில்லை. ஆகவே பத்துப் புதுக்காருக்கு ஒரு பழங்கார் என்ற விகிதத்தில் உறுப்பினரைச் சேர்க்குமாறு பரிந்துரைக்கிறோம். அண்மையில் குழுவொன்றில் மூன்று பேர் “உவர்” நிலைக்கு இறங்கியிருந்த இரவில், ஒரு பெரியவர் இடையில் எழுதினார்: “பிள்ளையள், சொமர்செற்றுக்கு டிஸ்ரிபியூட்டர் மூடி ஆரிட்டையும் கிடக்கோ?” மூவரும் சண்டையை அப்படியே விட்டார்கள். ஒருவர் சுன்னாகத்தில் ஒரு பழைய கராஜைச் சொன்னார். மற்றவர், “அண்ணை, நீங்கள் சொல்லுற கராஜ் பூட்டியாச்சு, நான் மானிப்பாயில விசாரிக்கிறன்” என்றார். மூன்றாமவர் தன் பெரியப்பாவின் கொட்டிலில் தேடப் போனார். மூடி கிடைத்ததா என்பது இவ்வாய்வின் வரம்புக்கு அப்பாற்பட்டது.