போதையில் மாடு ஓட்டாதீர்!

கேள்வி: லண்டன் டாக்ஸிகளில் எப்போதும் ஒரு கட்டு வைக்கோல் இருக்க வேண்டும் என்று இன்றும் சட்டம் இருக்கிறதாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.

பதில்: வாட்ஸ்அப்பில் வந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், எனக்குப் பாதி வேலை மிச்சம். வாடகைக் குதிரை வண்டிகளுக்காக 1831-ல் போட்ட சட்டம் சொன்னதே வேறு. தெருவில் நிறுத்திக் குதிரைக்குத் தீனி போடாதே. போட்டே தீரவேண்டுமானால் தானியத்தைப் பையில் கட்டிக் கொடு, வைக்கோலைக் கையில் பிடித்து ஊட்டு. அதையும் 1976-ல் தூக்கிவிட்டார்கள். நாடாளுமன்றத்துக்குள் இறப்பது குற்றம் என்பதும், ராணி படம் போட்ட தபால்தலையைத் தலைகீழாக ஒட்டினால் ராஜதுரோகம் என்பதும் இதே ரகம். மூன்றையும் கட்டுக்கதை என்று அந்நாட்டுச் சட்ட ஆணையமே சொல்லிவிட்டது.

கேள்வி: எல்லாமே புளுகா? நிஜமாக ஒன்றாவது சொல்லுங்கள்.

பதில்: 1872-ம் ஆண்டு மதுச் சட்டம், 12-ம் பிரிவு. பொது இடத்தில் குடிபோதையில் வண்டி, குதிரை, மாடு, நீராவி எந்திரம் ஆகியவற்றைப் பொறுப்பில் வைத்திருப்பது குற்றம். அன்றைய தண்டனை 40 ஷில்லிங் அல்லது ஒரு மாதச் சிறை. சிரிக்காதீர்கள், இன்னும் அமலில் இருக்கிறது. இல்ஃப்ரகூம் என்ற ஊரில் ஒருவர் நிறையக் குடித்துவிட்டு, ஓட்டாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். பிடித்து ஒரு மாதம் உள்ளே போட்டார்கள். சைக்கிள் எப்படி 'வண்டி' ஆகும் என்று வழக்கு போனது. ஆகும் என்றது உயர் நீதிமன்றம், 1950-ல். மாட்டைப் பிடித்துக்கொண்டு போயிருந்தாலும் தப்பியிருக்க மாட்டார்.

கேள்வி: அந்தக் காலத்தில் காருக்கு முன்னால் சிவப்புக் கொடியோடு ஓர் ஆள் ஓடுவாராமே?

பதில்: ஓடவில்லை, நடந்தார். ஓட வேண்டிய அவசியம் என்ன? 1865-ம் ஆண்டுச் சட்டப்படி வேக வரம்பு ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல். வண்டிக்குக் குறைந்தது மூன்று ஆட்கள் வேண்டும். ஒருவர் 60 கஜம் முன்னால் கொடியோடு நடக்க வேண்டும். இதை எழுதியவர்கள் மனதில் கார் இல்லை, அப்போது பென்ஸ் காரே பிறக்கவில்லை. புகை கக்கிக்கொண்டு வரும் ராட்சத நீராவி எந்திரத்தைக் கண்டால் குதிரைகள் மிரண்டு ஓடின. அதற்குத்தான் இந்த ஏற்பாடு. 1878-ல் கொடி கட்டாயமில்லை என்றார்கள். ஆளை மட்டும் விடவில்லை.

கூத்து நடந்தது 1896 ஜனவரியில். கென்ட் மாவட்டத்தின் பேடக் வுட் கிராமத்தில் வால்டர் ஆர்னால்ட் என்பவர் காரில் 8 மைல் வேகத்தில் 'பறந்தார்'. வரம்பைப்போல் நான்கு மடங்கு! போலீஸ்காரர் சைக்கிளில் துரத்தி, ஐந்து மைல் மிதித்துப் பிடித்தார். வேகத்துக்கு அபராதம் ஒரு ஷில்லிங். ஆர்னால்ட் கார் விற்பனையாளர். அந்தக் காசுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. அதே ஆண்டு நவம்பரில் புதுச் சட்டம் 14 மைல் வரை அனுமதித்தது. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஊர்வலமாகப் போய்க் கொண்டாடினார்கள். புறப்படும் முன் ஒரு சிவப்புக் கொடியைக் கிழித்தார்கள். வருஷா வருஷம் இன்றும் கிழிக்கிறார்கள்.

கேள்வி: கம்பளம் உதறக்கூடச் சட்டமாமே?

பதில்: லண்டன் போலீஸ் சட்டம், 1839. தெருவில் கம்பளத்தைத் தட்டி உதறக் கூடாது. மிதியடிக்கு மட்டும் விலக்கு, அதுவும் காலை 8 மணிக்குள்.

கேள்வி: என் மச்சான் சிங்கப்பூரில் இருக்கிறார். ஜொகூர் பாரு போவதற்கு முன் பெட்ரோல் போட்டே ஆகவேண்டும் என்கிறார். கதை விடுகிறாரா?

பதில்: மச்சானை நம்புங்கள். சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்டும்போது டாங்க் முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். 1989-ல் அரை டாங்க் என்று ஆரம்பித்து, 1991-ல் முக்கால் ஆக்கினார்கள். மலேசியாவில் பெட்ரோல் மலிவு. எல்லாரும் அங்கே போய் நிரப்பினால் சிங்கப்பூரின் எரிபொருள் வரி என்னாவது? மீறினால் 500 வெள்ளி வரை அபராதம். முள்ளை ஏமாற்ற மீட்டரில் கைவைத்தால் அது தனிக் குற்றம். யாரோ ஒருவர் அதையும் செய்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

கேள்வி: நம் ஊர் மட்டும் சளைத்ததா?

பதில்: கொல்லையைத் தோண்டும்போது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். அன்றைக்குப் 10 ரூபாய் பெரிய தொகை. இன்றைய கணக்குக்கு, யாராவது புதைத்து வைத்த ஒரு டீ கிளாஸ் போதும்.

கேள்வி: வெளிநாட்டுச் சட்டம் ஒன்றை இங்கே கொண்டுவர உங்களுக்கு அதிகாரம் கொடுத்தால்?

பதில்: ஜப்பானின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 71-ம் பிரிவு. தேங்கிய தண்ணீரில் வண்டி ஓட்டினால் நடந்து போகிறவர் மேல் சேறு தெறிக்கக் கூடாது. வேகத்தைக் குறை, இல்லையேல் தெறிக்காமல் தடுப்பு மாட்டு. இதில் என்ன விசித்திரம் என்று கேட்பவர்கள் ஐப்பசி மழையில் வெள்ளை வேட்டியோடு கல்யாணத்துக்குப் போனதில்லை. தமிழ்நாட்டுக்காக ஓர் உட்பிரிவு மட்டும் சேர்ப்பேன்: டிரைவரோடு, அந்தப் பள்ளத்தைத் தோண்டி மூடாமல் போனவரையும் அழைத்து வரவும்.