பாறை மாட்டிய கதை

மீன் வாங்கினால் எல்லார் வீட்டிலும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். என் வீட்டில் முதலில் உதட்டைப் பார்ப்பார்கள். முள் குத்திய தழும்பு இருந்தால் நான் பிடித்த மீன். இல்லையென்றால் காசு கொடுத்துப் பிடித்தது. இந்தப் பரிசோதனையைக் கண்டுபிடித்தவர் என் மாமியார். திருமலைராயன்பட்டினத்துக்காரர். அலைச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் போய் நான் கடல் கதை அளந்தது என் தப்பு.

நடந்தது ஒரு மே மாதம். விடியற்காலை நாலரைக்கே தூண்டிலோடு கிளம்பி, ஒன்பது மணிவரை கடலுக்கு இறால் ஊட்டிவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்ப மனம் வராமல் மார்க்கெட் பக்கம் வண்டியைத் திருப்பினேன். ஒன்றரைக் கிலோ வஞ்சிரம், வெட்டாமல் முழுசாக வாங்கினேன். "செம போராட்டம்" என்று மட்டும் சொல்லி அடுப்படியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். அதிகம் பேசினால் மாட்டிக்கொள்வோம் என்கிற அளவுக்கு அனுபவம் உண்டு. மாமியார் மீனைத் திருப்பிப் போட்டார். வாயைப் பிளந்து பார்த்தார். செவுளுக்குள் விரலை விட்டு ஒரு ஐஸ் துணுக்கை எடுத்துக் குழாயடிக்கே கொண்டுவந்து காட்டினார்.

"மாப்பிள்ளை, நம்ம பக்கம் ஏப்ரல் பதினஞ்சுலேர்ந்து ஜூன் பதினாலு வரைக்கும் அறுவத்தோரு நாள் தடை. விசைப்படகு எல்லாம் கரையில கெடக்கு. கேரளா பக்கம் ஜூன்லதான் தடை ஆரம்பிக்கும். நீங்க என்ன, தூண்டில அரபிக்கடல் வரைக்கும் வீசுனீங்களா?"

அவர் ஊர்ப் பக்கம் மாப்பிள்ளைக்கு மரியாதை இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகப் பட்டினச்சேரி கடற்கரைக்கு வருவார். மீனவர் குலத்துப் பத்மினி நாச்சியாரை மணந்தவர் என்பதால் கரையே கூடி அவரை "மாப்பிள்ளை" என்று கொண்டாடும். பெருமாளை யாரும் மீன் பிடித்துக் காட்டச் சொல்வதில்லை. அவருக்கு நேரம் நல்ல நேரம்.

எல்லாம் ஒரு மச்சானால் வந்த வினை. 1954 நவம்பர் 1-ல் காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் அது சட்டப்படி உறுதியானது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. என் மனைவியின் பெரியப்பா வீடும் அதில் ஒன்று. அந்த வீட்டு மச்சான் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தவர், திரும்பும்போது பெட்டியில் இடமில்லை என்று ஒரு தூண்டில் கம்பையும் ரீலையும், டப்பா நிறையப் பிளாஸ்டிக் மீன்களையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கம்பு பதின்மூன்று அடி. அதை ஸ்கூட்டரில் சாய்த்துக்கொண்டு நான் போனால், சூரசம்ஹாரத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருக்கிறது என்று தெருவில் சொன்னார்கள். சூரன் யார் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

காரைக்கால் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். அதில் கடலோரம் பூராவும் மேடு: கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, காசாக்குடிமேடு. ஒவ்வொரு மேட்டிலும் நடக்கப் பழகும்போதே அலையில் நிற்கப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நடுவே போய் ஒருவன் ஐயாயிரம் மைல் தாண்டி வந்த ரீலோடு நின்றால், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். நான் நின்றது அரசலாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில். என் நல்ல காலம், அங்கே சாயங்காலங்களில் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிளிஞ்சல்மேட்டுப் பெரியவர் ஒருவர், முதல் பத்து நாள் சிரிக்காமல் இருந்தார். பதினோராம் நாள் சிரித்து முடித்துவிட்டுப் பாடம் ஆரம்பித்தார்.

முதல் பாடம், எல்லா மீனுக்கும் ஒரே மாதிரி போனால் ஒன்றும் வராது. கிழங்கானுக்குச் சின்ன முள் போதும். அலை உடைந்து வழியும் மணலில், நகக்கண் அளவு இறால் துண்டை ஈயத்தோடு தரையில் கிடத்த வேண்டும். நான் முழு இறாலைக் கோத்துக் கண்காணாத தூரத்துக்கு வீசிக்கொண்டிருந்தேன். "மீனு ஒன் காலடில மேயுது, நீ அதத் தாண்டி இலங்கைக்குப் போடுற" என்றார்.

கொடுவா வேறு ரகம். அது துரத்திப் பிடிக்காது. கல் இடுக்கில், பாலத்து நிழலில் பதுங்கியிருந்து, ஓதம் மாறும் நேரத்தில் ஆற்றோடு அடித்து வரும் மடவைக் குஞ்சுக்காகக் காத்திருக்கும். அதனால் உயிரோடு இருக்கும் மடவையை, நீச்சல் கெடாமல் முதுகில் முள் ஏற்றி, ஓட்டத்தோடு விட வேண்டும். வாயைத் திறந்தால் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே கம்பைத் தூக்கிவிடக் கூடாது. தூக்கினாலும் அதன் செவுள் மூடி பிளேடு மாதிரி. உரசினால் தூண்டில் நரம்பு அறுந்துபோகும். இந்தக் கொடுவா ஆணாக முதிர்ந்து, சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறும் என்று ஒரு நாள் வீட்டில் அறிவியல் பேசினேன். "அதுக்குப் பொறவுதான் அதுக்குப் புத்தி வரும்" என்று மாமியார் முடித்துவிட்டார்.

வஞ்சிரத்துக்குக் கரையில் நின்று பயனில்லை என்பதை மே மாதமே கற்றுக்கொண்டேன். படகை ஓடவிட்டு, பின்னால் இரையை விரைவாக இழுத்துப் போக வேண்டும்; மெதுவாகப் போனால் அது மதிக்காது. பல் ரம்பம் மாதிரி என்பதால் முள்ளுக்கு மேல் ஒரு முழம் கம்பி கட்ட வேண்டும். பெயர் விஷயத்திலும் அது சுலபமாகப் பிடிபடாது. ஆபீஸில் என் பக்கத்து சீட் தூத்துக்குடிக்காரர். "நேத்து சீலா கிடைச்சுது" என்று அவர் சொல்ல, அந்தக் கூர்மூக்கு மீனுக்கா இவ்வளவு பெருமை என்று இளக்காரமாகக் கேட்டேன். அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு தெரிந்தது: அவர்கள் ஊர் சீலா நம் வஞ்சிரம். எனக்குத் தெரிந்த சீலா அவர்கள் ஊரில் ஊழி. அரை மணியும் அரசாங்க நேரம்.

மச்சான் போனில் சாதனைக் கதைகளாக அனுப்புவார். மயில் மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் ஓடும் என்று பழைய புத்தகங்கள் சொன்னதாம்; புது ஆராய்ச்சியில் அதில் பாதிகூடத் தேறவில்லை. கதை பெருக்குவதில் நான் தனி ஆள் இல்லை என்று ஆறுதலாக இருந்தது. 1953-ல் பெரு நாட்டுக் கபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசெல் என்ற அமெரிக்கர் தூண்டிலிலேயே 707 கிலோ கருப்பு மார்லின் பிடித்தார். அந்த இனத்தில் இன்றும் அதுதான் உலக சாதனை. இதைப் பெரியவரிடம் கண்கள் விரியச் சொன்னேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன வெலைக்குப் போச்சு?" என்றார்.

அப்போது என் சாதனை நானூறு கிராம் கெளுத்தியும் ஆறு பேத்தையும். கெளுத்தி முள் குத்தி இரண்டு நாள் கை பொங்கியது. பேத்தை கரைக்கு வந்ததும் காற்றைக் குடித்துப் பந்தாக உப்பி, பிடித்தவனைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும். ஜப்பானில் இதன் இனத்தைச் சமைக்க லைசென்ஸ் வேண்டும், விஷம் அப்படி. காரைக்கால் கடற்கரையில் அதை நாய்கூட மோந்துவிட்டுப் போய்விடுகிறது.

இனிமேல்தான் பாறை. பாறை மீன் தெரியும்தானே? உடம்பு முழுக்க சதை, வால் ஓரமாகச் செதில் முள், பிடிவாதம். அந்தி நேரம் மடவைக் கூட்டத்தைக் கரைப்பக்கம் ஓட்டிவந்து அடிக்கும். பாப்பர் என்ற மிதக்கும் பிளாஸ்டிக் மீனை வீசி, 'பொளக் பொளக்' என்று தண்ணீர் தெறிக்க வெட்டி வெட்டி இழுத்தால், கோபத்திலேயே வந்து கடிக்கும் என்றார் மச்சான். ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் ஒரு மணி நேரம் பொளக்கினேன். ஒன்றும் கோபப்படவில்லை. பாப்பரைக் கழற்றிவிட்டு, மூழ்கி ஓடும் பிளாஸ்டிக் மீன் ஒன்றை மாட்டினேன். சிவப்புத் தலை, வெள்ளை உடம்பு, கண்ணாடிக் கண். மூன்றாவது வீச்சில் நின்றது. கம்பு வில்லாக வளைந்தது. இழுத்தால் ரீல் 'கிர்ர்ர்' என்று பாடுகிறது. அலை வந்தால் நரம்பு தளர்கிறது, அலை போனால் மறுபடி இறுகுகிறது. எவ்வளவு தந்திரம்! என்னைக் களைக்க வைத்துப் பார்க்கிறது என்று புரிந்துகொண்டேன்.

"பாறை! பாறை மாட்டிருச்சு!" என்று கத்தினேன்.

கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தவர்கள் ஓடிவந்தார்கள். சுண்டல்காரர் தூக்கை இறக்கி வைத்தார். ஒரு பையன் போனில் படம் பிடித்தான். ஆளுக்கொரு யோசனை: விட்டுப் பிடிங்க சார், உட்கார்ந்து இழுங்க சார், இடுப்பை முன்னால கொடுங்க சார். நான் எல்லாவற்றையும் கொடுத்தேன். இருபது நிமிஷம். தோள்பட்டை கழன்றுவிட்டது. அப்போது பெரியவர் எழுந்து, லுங்கியைத் தட்டிவிட்டு, கற்கள் மேல் நிதானமாக நடந்து வந்தார். இறுகி நின்ற நரம்பை இரண்டு விரலால் தொட்டார். நாடி பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் கண்ணை மூடினார்.

"பாறைதான் தம்பி" என்றார். "ஆனா இது நீந்தாது. லாரில கொண்டாந்து கொட்டுனது."

கூட்டம் சிரித்த சிரிப்பு அலையைத் தாண்டிக் கேட்டது. நரம்பை அறுத்தேன், வேறு வழியில்லை. படம் அன்றிரவே பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தது. மச்சான் பெருந்தன்மையாகப் பேசினார். அங்கேயெல்லாம் இப்போது மீனைப் பிடித்துப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவதுதான் நாகரிகமாம், அதனால் கையில் மீன் இல்லாதது ஒரு குறையே அல்லவாம். இதைப் பெரியவரிடம் சொன்னபோது, புதுசாக என்ன இருக்கிறது என்பதுபோல் தெற்கே கையைக் காட்டினார். நாகப்பட்டினம் நுளைப்பாடியில் வலை வீசிய அதிபத்த நாயனார், நாள்தோறும் பிடித்த முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். நாளுக்கு ஒரே மீன் கிடைத்துக் குடும்பம் பட்டினி கிடந்த நாட்களிலும் விட்டார். கடைசியில் பொன் மீன் அகப்பட்டபோதும் விட்டார். ஆவணி ஆயில்யத்தில் இன்றும் நாகையில் பொன் மீன் விடும் விழா நடக்கிறது. "விடணும்னா மொதல்ல புடிக்கணும் தம்பி" என்று மட்டும் கடைசியில் சேர்த்தார்.

என் கையால் ஒன்றுமே பிடிபடாது என்று நினைத்துவிட வேண்டாம். ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழா. பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மாம்பழம் வீசுவார்கள். கூட்டம் முழுக்கக் கைதான். போன வருஷம், இரை இல்லாமல், முள் இல்லாமல், ஓதம் பார்க்காமல், இரண்டு பழத்தை அந்தரத்திலேயே பிடித்தேன். வீட்டுக்கு ஓடிவந்து மாமியார் கையில் வைத்தேன். அவர் காம்பைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், விளக்கு வெளிச்சத்தில் தோலை ஒரு சுற்று உருட்டிப் பார்த்தார். "இது நெசம்" என்றார். பிறகு என் மனைவியிடம், "எதுக்கும் மார்க்கெட்ல இன்னிக்கு பங்கனபள்ளி என்ன வெலைன்னு கேளு" என்றார்.

காரைக்கால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அரசலாற்று முகத்துவாரத்தில், கடலைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம், தண்ணீர் வற்றும்போது கருங்கல் இடுக்கில் சிவப்புத் தலையும் வெள்ளை உடம்புமாக ஒரு பிளாஸ்டிக் மீன் தெரிந்தால், அது என்னுடையது. அடிவயிற்றில் மூன்று முனை முள் இருக்கிறது, பார்த்து எடுக்கவும்.