ஜெர்கின் ஐந்திலக்கணம்

எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என இலக்கணத்தை ஐந்தாக வகுத்துரைப்பது தமிழ் மரபு. குளிர் மலைகளில் நடப்போர் அணியும் செயற்கைப் பஞ்சுச் சட்டைக்கு, அதாவது இரண்டு துணிகளுக்கிடையே பாலியஸ்டர் இழைகளைப் பஞ்சுபோல் பரப்பித் தைத்த மேற்சட்டைக்கு, அவ்வாறான இலக்கணம் இதுகாறும் வகுக்கப்படாமை பெருங்குறையே ஆகும். செய்யுள் பிழைபட்டால் கேட்போர் மட்டுமே வருந்துவர். சட்டை பிழைபட்டாலோ அணிந்தவரே நடுங்குவர் ஆதலின், இரண்டனுள் இலக்கணம் முதலில் எதற்குத் தோன்றியிருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். டிசம்பர் மாதத்தில் உத்தராகண்ட் மாநிலத்துச் சாங்க்ரி என்னும் சிற்றூரிலிருந்து, ஏறத்தாழ 12,500 அடி உயரமுள்ள கேதார்காந்தா முகட்டுக்கு ஏறுவதற்காகச் சென்னையிலிருந்து புறப்படும் ஒருவரை மாணாக்கராகக் கொண்டு, அக்குறை இங்கு நீக்கப்படுகிறது.

எழுத்து

இவ்விலக்கணத்தில் எழுத்தெனப்படுவது சட்டையின் கழுத்துப்பட்டையிலும் அதில் தொங்கும் அட்டையிலும் அச்சிடப்பட்ட எண்ணும் குறியுமாம். அவற்றுள் விலையானது வாங்குவோரின் உயிரையும் உடன் வாங்குதலால் உயிரெழுத்து எனப்படும். அளவும் எடையும் மெய்யாகிய உடம்பைப் பற்றியன ஆதலின் மெய்யெழுத்து எனப்படும். மெய்யெழுத்துகளில் தலையாயது ‘ஜிஎஸ்எம்’ என்பது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை கிராம் பஞ்சு இடப்பட்டுள்ளது என்பதை அது குறிக்கும். 40 முதல் 60 வரையுள்ளவை நடந்துகொண்டிருப்போர்க்கும், 80 முதல் 100 வரையுள்ளவை நடையும் நிற்றலும் விரவியோர்க்கும், 120க்கு மேற்பட்டவை நெடுநேரம் அசையாதிருப்போர்க்கும் உரியன என்பது பொது விதி. ஒரே வகைப் பஞ்சுக்குள் மட்டுமே இவ்வெண்கள் ஒப்பிடத்தக்கன என்பது அதற்குரிய புறநடை.

வெதுவெதுப்பை அளக்க ‘க்ளோ’ என்னும் அலகும் உண்டு. 21 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அறையில் சும்மா அமர்ந்திருக்கும் ஒருவர் குளிரோ புழுக்கமோ இன்றி இருக்கப் போதிய உடையின் காப்பே ஒரு க்ளோ என 1941இல் அறிவியலாளர் வரையறுத்தனர். 21 டிகிரியில் ஏசியை நிறுத்தச் சொல்லிப் போர்வை தேடும் சென்னைவாசியை அவர்கள் கருத்திற் கொள்ளவில்லையாதலின், இவ்வலகைத் தமிழர் சற்றுக் கூட்டியே வாசித்தல் வேண்டும். இனி, ‘மைனஸ் 10 வரை தாங்கும்’ என அட்டையிற் காணும் தொடர், உயிரோடும் மெய்யோடும் சேராது தனித்து நிற்றலின் ஆய்தம் எனப்படும். உறங்கும் பைகளின் வெப்பநிலையைச் சோதித்துக் குறிக்கப் பன்னாட்டுத் தரமுறை உண்டு. கடைச் சட்டைகளுக்கு அத்தகைய பொது வழக்கம் இன்மையால், அத்தொடரை எழுதியவர் யார், எங்கே நின்று நடுங்கிப் பார்த்தார் என்னும் வினாக்களுக்கு விடையில்லை.

சொல்

‘ஜாக்கெட்’ என்னும் சொல் தமிழ்நாட்டில் பெரும்பான்மையும் சேலையோடு அணியும் மேற்சட்டையையே குறித்து வழங்குதலால், துணிக்கடையில் அதனை மொழிந்த மலையேறுநர் மேட்சிங் சென்டருக்கு வழிகாட்டப்பட்டு, எந்த நிறச் சேலைக்கு என வினவப்படும் இடர் உண்டு. ‘ஸ்வெட்டர்’ என்பதோ, கம்பளி பின்னியது, பஞ்சு அடைத்தது, பாட்டி காதை மூடிக் கட்டியது ஆகிய அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. எஞ்சி நிற்பது ‘ஜெர்கின்’ என்னும் திசைச்சொல்லே. ஆங்கிலத்தில் அது பழைய காலத்துத் தோற்சட்டை ஒன்றை, அதுவும் பெரும்பாலும் கையில்லாச் சட்டையைக் குறித்தது. தமிழுக்கு வந்தபின் அதற்குக் கை முளைத்தது, தொப்பி முளைத்தது, ஜிப்பும் முளைத்தது. கடன் வாங்கிய சொல்லை இத்துணைப் பெருக்கித் திருப்பித் தரவல்ல மொழிகள் அரியவாதலின், இக்கட்டுரை ஜெர்கின் என்னும் பெயரையே ஆளுகிறது.

விற்பனையாளர் கூறும் சொற்களுள் இரண்டு வழுக்கள் களையத்தக்கன. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்பது முதல் வழு. பெரும்பாலான பஞ்சு ஜெர்கின்களின் மேற்றுணிக்குத் துளிகள் ஒட்டாது உருண்டோடும்படி ஒரு பூச்சு மட்டுமே தரப்படுகிறது. தூறலுக்கு அது போதும், மழைக்குப் போதாது. ‘சூடு கொடுக்கும்’ என்பது இரண்டாம் வழு. ஜெர்கின் யாருக்கும் எச்சூட்டையும் கொடுத்ததில்லை. சும்மா இருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை, அதாவது பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவை, வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அது கைவிட்டுப் போகாமல் காப்பதொன்றே ஜெர்கினின் தொழில். ஆகவே அதனை வள்ளல் என்னாது கருவூலக் காவலர் என்றலே வழாநிலையாம்.

பொருள்

பொருள், அகப்பொருள் புறப்பொருள் என இருவகைப்படும். ஜெர்கினின் உள்ளே அடைக்கப்படுவது அகப்பொருள். மேலே போர்த்தப்படும் துணி புறப்பொருள்.

அகப்பொருளைப் பற்றி இரு கட்சிகள் உள. வாத்தின் நெஞ்சிலுள்ள மெல்லிய தூவியே சிறந்தது என்பர் தூவிக் கட்சியார். ஆஸ்திரேலியாவிற் பிறந்த வேதியியலாளர் ஜார்ஜ் ஃபின்ச் 1922ஆம் ஆண்டின் எவரெஸ்ட் பயணத்துக்கு பலூன் துணியில் தூவி அடைத்த சட்டையைத் தைத்துக்கொண்டு போனபோது உடன் சென்றோர் முதலில் நகைத்தனர் என்பதும், இன்று எவரெஸ்டில் அத்தகைய சட்டை அணியாதவரே நகைப்புக்குரியர் என்பதும் அவர்தம் சான்றுகள். எடைக்கு எடை வைத்து நோக்கின் தூவியே கூடுதலாகக் காக்கும் என்பதை, பஞ்சே சிறந்தது என்னும் செயற்கைக் கட்சியாரும் மறுப்பதில்லை. குளிரைத் தடுப்பது தூவியோ பஞ்சோ அன்று, அவற்றின் இடுக்குகளில் சிறைப்பட்டு அசையாதிருக்கும் காற்றே என்பதும், வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் விரைவுடையது என்பதுமே செயற்கைக் கட்சியாரின் வாதத்துக்கு அடிப்படை. நனைந்த தூவி கட்டியாகிச் சுருங்க, காற்று இருந்த இடத்தில் தண்ணீர் குடியேறும். தன் எடையில் அரை விழுக்காடு ஈரத்தையும் உறிஞ்சாத பாலியஸ்டர் இழையோ நனைந்தபோதும் தன் உப்பலைப் பெரிதும் இழக்காது, விரைவில் உலரவும் செய்யும்.

இவ்வழக்கு நெடுநல்வாடையிலேயே தீர்க்கப்பட்டுவிட்டது என்பது இவ்வாய்வின் துணிபு. வாடை வீசும் கூதிர்க் காலத்தைப் பாடும் அந்நூலில், அன்னத்தின் தூவி அடைத்த மெத்தை அரண்மனைக்குள், ஈரம் புகாத அறையில், அரசியின் கட்டிலில் கிடக்கிறது. நள்ளிரவுத் தூறலில் பாசறையிலே புண்பட்ட வீரரைக் கண்டுவரும் அரசன் போர்த்திருப்பதோ, இடப்பக்கம் கையால் அணைத்துப் பிடிக்க வேண்டிய, நழுவிவிழும் மேலாடையே. தூவி உலர்ந்த இடத்தில் கிடப்போர்க்கு உரியது, தூறலில் நடமாடுவோர்க்கு வேறொன்று வேண்டும் என்னும் நுண்பொருள் இதனாற் பெறப்படும். ஜிப்பின் தேவையும் உடன் பெறப்படும்.

அவ்வேறொன்று வரப் பல நூற்றாண்டுகள் ஆயின. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் பாலியஸ்டர் இழையைக் கண்டனர்; அதுவே டெரிலீன் சட்டையாகித் தமிழ்நாட்டுக்கு வந்து, சித்திரை வெயிலில் ஒரு தலைமுறையையே வியர்க்க வைத்தது. 1980களில் அமெரிக்கப் படையினருக்காக, நனைந்தாலும் காக்கும் தூவிப்போலியாக அதே இழையை மிக நுண்ணியதாக்கி ப்ரைமாலாஃப்ட் என்னும் பஞ்சைச் செய்தனர். சென்னையில் இழிவுபட்டது இமயத்தில் புகழ்பெற்றமைக்குக் காரணம் இழையன்று, இடமே என்க.

புறப்பொருளை டெனியரால் அளப்பர். 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில் எவ்வளவோ அதுவே டெனியர். 10 டெனியர்த் துணி மடித்தால் கைக்குள் அடங்கும், முள்ளிற் பட்டால் கிழியும். 30க்கு மேற்பட்டது முதுகுப்பையின் வார் உரசுவதையும் பொறுக்கும்.

யாப்பு

யாப்பாவது தைத்துக் கட்டுதல். பஞ்சு ஓரிடத்திற் குவியாமல் குறுக்கே ஓடும் தையல் தளையாம். தளை மிகுந்தால் ஊசித் துளைகள் வழியே காற்று புகும். குறைந்தால் பஞ்சு இறங்கி வயிற்றில் திரளும். குட்டை இழைப் பஞ்சு மென்மையும் உப்பலும் உடையதாயினும் தளை மிகுதியும் வேண்டும். அறுபடாத நீள் இழைப் பஞ்சு சற்று விறைப்பாயினும் குறைந்த தளையிலேயே நிற்கும். அடி எனப்படும் கீழ்விளிம்பில் இழுத்து இறுக்கும் கயிறு இன்றியமையாதது. இல்லையேல் குனியுந்தோறும் சிறைப்பட்ட காற்றனைத்தும் விடுதலை பெறும். தொடையைப் பொறுத்தவரை, பாடலுக்கு அது அழகு; ஜெர்கின் தொடைவரை நீளுதலோ நிற்போர்க்கு நன்று, ஏறுவோர்க்குத் தடை. முதுகுப்பையின் இடுப்புப்பட்டைக்கு மேலே அமையாத சட்டைப்பை, பட்டைக்கடியில் நசுங்கி, உள்ளிருக்கும் கடலை மிட்டாயை உரியவருக்கே எட்டாக்கனியாக்கும்.

அளவை உள்ளே ஒரு கம்பளிச் சட்டை அணிந்தபடி, இரு கைகளையும் உயர்த்தி நோக்கியே தெளிதல் வேண்டும். அவ்வாறு தியாகராய நகர்க் கடையொன்றில் அணிந்து பார்த்தபோது வியர்த்தது, ஆகவே இமயத்துக்குப் போதும் என்பது ஏதுப்போலி; அங்கு மல் வேட்டிக்கும் வியர்க்கும்.

அணி

அணிதலால் அணி எனப்பட்டது. அது நின்றணி, நடையணி, இரவலணி என மூவகைப்படும்.

விடியுமுன் இருளில் முகட்டை நோக்கி ஏறும் உடல், சும்மா இருக்கும்போது வெளியிடுவதைவிடப் பன்மடங்கு வெப்பத்தை வெளியிடும். அப்போது தடித்த ஜெர்கினை அணிந்து ஏறுவோர் உள்ளிருந்தே நனைந்து, நின்ற மறுகணமே அவ்வீரத்தாற் குளிர்ந்து நடுங்குவர். ஆதலின் தடித்தது நின்றணியாகப் பையின் மேற்புறத்தில் இருந்து, நின்றவுடன், குளிர் தெரியுமுன்னரே, போர்த்தப்படுதல் முறை. வியர்வை ஆவியை வெளிவிடும் மெல்லிய பஞ்சுச் சட்டை மட்டுமே நடையணியாகும். எவ்வளவு குளிரும் எனக் கேட்டு வாங்குவோர் பலர். எவ்வளவு நேரம் நிற்பேன் எனக் கேட்டு வாங்குவோரே அறிந்தோர்.

மூன்றாவதாகிய இரவலணியைப் பிறநாட்டார் கருதிற்றிலர். மலையேற்றம் ஒரு வாரத்தில் முடிய, ஜெர்கினின் எஞ்சிய வாழ்நாள் தமிழ்க் குடும்பத்தில் தொடங்குகிறது. தேனிலவுக்கு ஊட்டி செல்லும் சித்தப்பா மகனும், கொடைக்கானல் சுற்றுலா செல்லும் எதிர்வீட்டுப் பையனும், வேலைக்காக ஜனவரியில் டெல்லி செல்லும் மாப்பிள்ளையும் அதனை முறையே அணிவர். பனித்துளியில் நனைப்பர், குழம்பு சிந்துவர், வாஷிங் மெஷினில் வேட்டிகளோடு சேர்த்துச் சுழற்றுவர். இத்துணையும் தூவியால் ஆகாது. செயற்கை ஜெர்கினின் தலையாய பண்பு வெப்பம் அன்று, பொறையே என்பது இதனால் நிறுவப்பட்டது. அளவைத் தேரும்போது குடும்பத்திலேயே பருத்தவரை மனத்திற் கொள்க என்பதும் உடன் பெறப்பட்டது.

அப்பொறைக்கும் ஓர் எல்லை உண்டு. நெடுங்காலம் அமுக்கி வைக்கப்பட்ட பஞ்சு மடிந்த இழையை நிமிர்த்தமாட்டாது தட்டையாகும். நன்கு பேணப்பட்ட தூவி இதில் நெடிது வாழும். எனவே பனியையும் உறவினரையும் வென்று வந்த ஜெர்கினைத் தன் பைக்குள்ளேயே சுருட்டி, பரணில் பித்தளை அண்டாவுக்கடியில் செருகுதல் குற்றமாம். பீரோவில் கோட் ஹேங்கரில் தளர்வாகத் தொங்கவிடுதலே விதி. பட்டுப்புடவைகளுக்கு இடையே இடம் கிடைக்குமாயின்.